ஜோசையா பிரசங்கியாரின் கொம்பு

மஹாலா லார்னிக்குப் பொறுமை அதிகம் என்று மல்பெரி ஓடைச் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இல்லாவிட்டால் அந்த வேலையில் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்க முடியாது. செமினோல் பூர்வகுடித் தேசத்து முதியோர் சாப்பாட்டுக் கூடத்தின் வேனை ஓட்டுகிறவள் அவள். காலையில் செம்மண் பாதைகளில் வீடு வீடாகப் போய்க் கிழவர்களையும் கிழவிகளையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருவருக்குப் பல்செட் வைத்த இடம் தெரியாது. ஒருத்திக்கு நாயைக் கட்டிப்போட்டோமா என்று பாதி வழியில் சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்த்தால் நாய் கட்டினபடியே படுத்திருக்கும். மஹாலா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு சபைப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள். பாட்டு முடிவதற்குள் கோபம் இறங்கிவிடும். புருஷன் செத்தபோதும், மகள் டல்லஸுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டபோதும் அவளைத் தாங்கினது அந்தப் பாட்டுகள்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டு பலிக்கவில்லை.

மாதத்தின் நாலாம் ஞாயிறு சபை கூடும்போது, ஓக் மரத்தில் தொங்குகிற பழைய வண்டிச் சக்கரத்து இரும்பு வளையத்தை சபை ஊழியரும் அவள் மாமாவுமான டீக்கன் வாட்லி சுத்தியலால் தட்டுவார். சபையைச் சுற்றியிருக்கும் குடில்களில் சமைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற குடும்பங்களுக்கு அதுதான் அழைப்பு. அந்த இரும்புச் சத்தம் கேட்டதும் மஹாலா தலையைக் குனிந்துகொள்வாள். தகரத் தட்டைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்த இடத்தில் ஒலித்திருக்க வேண்டியது ஒரு மாட்டுக் கொம்பு.

அது ஜோசையா எமத்லா பிரசங்கியாரின் கொம்பு. உள்நாட்டுப் போருக்கு முந்தின காலத்தில் மல்பெரி ஓடைக் கரையில் சபையை நட்டவர் அவர். அவர் ஊதின கொம்பை அவருக்குப் பின்னால் வந்த டீக்கன்மார் ஒருவர் மாற்றி ஒருவராக ஊதினார்கள். கடைசியாக ஊதினது மஹாலாவின் அப்பா சாப்மன். அவள் இளம்பெண்ணாக இருந்தபோது டவுனில் ஏதோ ஆண்டுவிழா வந்தது. அப்போது அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் வீட்டுக்கே வந்து, விழாவில் வைக்கக் கொம்பைக் கேட்டார். விழா முடிந்ததும் தானே கொண்டுவந்து தருகிறேன் என்றார். அப்பாவும் நம்பித் தன் கையால் தூக்கிக் கொடுத்தார். விழா முடிந்தது. அந்த மனுஷர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ‘சாப்மன் குடும்பத்தாரின் அன்பளிப்பு’ என்று ஒரு அட்டையும் எழுதி வைத்தார்கள். அப்பா போய்க் கேட்டபோது அந்த அட்டையைத்தான் காட்டினார்கள்.

அன்றைக்குப் பிறகு அப்பா டீக்கன்மார் பெஞ்சில் உட்காரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே கடைசி வரிசைக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் உட்கார்ந்தார். எங்கள் ஜனங்கள் முகத்துக்கு நேரே ஏச மாட்டார்கள். கேலிதான் பண்ணுவார்கள். அது ஏச்சைவிட ஆழமாகப் போகும். மஹாலாவின் சித்தி மகள் சிஸ்ஸி, வேனில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினதும் சில நாள் கேட்பாள்: “என்னடி, உங்க வீட்டு அன்பளிப்பு சௌக்கியமா?”

மற்றவர்கள் சிரிப்பார்கள். மஹாலாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வேனைக் கிளப்புவாள்.

சபை வழக்கப்படி அந்தக் கொம்பு திரும்பி வரவேண்டும். அப்பா பெயர் அதோடு சேர்ந்து வரவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போய் அருங்காட்சியகத் தலைவரைப் பார்ப்பாள். இப்போதைய தலைவர் ப்ராடக், ஓய்வுபெற்ற பல் டாக்டர். சபையில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கினவர் அவர்தான். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பிடுங்கினதைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கம் இல்லாதவர் என்று வாட்லி மாமா சொல்வார்.

“மிசஸ் லார்னி, நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?” என்றார் டாக்டர் ப்ராடக், அந்த வசந்தத்தில் அவள் போனபோது. “கமிட்டிக்கு நான் என்ன சொல்றது? உங்களைத் தவிர உங்க சபையிலேருந்து ஒருத்தர்கூட இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெச்சது கெடையாது. அக்கறை இருக்கறவங்கன்னா வந்து பாப்பாங்கல்ல?”

“வருவாங்க டாக்டர்.”

“அப்ப கூட்டிட்டு வாங்க. ஜூன் மாசம் பல்கலைக்கழகத்துலேருந்து ஒரு பொண்ணு வந்து ஜோசையாவைப் பத்திப் பேசுது. ஹால் நெறையட்டும். அதை வெச்சு நான் கமிட்டியில பேசறேன். ஒரு கை பாத்துடலாம்.”

மஹாலா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தாள். மியூசியத்தில் ஒரு பேச்சு என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். நம்மைப் பற்றி இன்னொருத்தர் பேசுவதைக் கேட்க வெயிலில் அவ்வளவு தூரம் யார் போவார்கள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது, ஒவ்வொருவரிடமும் வேறு விதமாகச் சொன்னாள். “ஜோசையா பிரசங்கியாரோட கூட்டம் இருக்கு. டவுன்ல. நாலாம் ஞாயித்துக்கு மொத நாள் சனிக்கிழமை.” வாட்லி மாமாவும் எழுந்து நின்று அப்படியே அறிவித்தார். கூட்டம் என்றதும் தலைகள் நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். சாப்பாடு யார் யார் கொண்டுவருவது என்று பெண்கள் உடனே பேச ஆரம்பித்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். மஹாலா வேன் நிறைய ஆட்களோடு முதல் ஆளாகப் போய், பெக்கான் மர நிழலில் வண்டியை நிறுத்தினாள். “சாமானை உள்ள வெச்சுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, புளித்த சோளக்கூழ்ப் பானையையும், திராட்சைச் சாற்றில் வேகவைத்த மாவுருண்டைகளையும், உப்புக்கண்டப் பன்றி வறுவலையும் தூக்கிக்கொண்டு பின்வாசலால் உள்ளே போனாள். மேஜையைத் துடைத்து, துணி விரித்து, கிண்ணங்களை அடுக்கி, நிமிர்ந்து பார்த்தபோது ஹாலில் நாற்காலிகள்தான் இருந்தன. முன் வரிசையில் நூலகத்து அம்மாவும் அவள் புருஷனும். அப்பால் வெள்ளைக்கார முதியவர்கள் சிலர். ஏசிக்காக வந்த தபால்காரர் ஒருவர் கடைசியில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ப்ராடக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“வந்துட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு மஹாலா முன்வாசலுக்கு விரைந்தாள்.

கதவைத் திறந்தவள் படியிலேயே நின்றாள். வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பிக்கப் வண்டிகள். சபையே வந்திருந்தது. பக்கத்து சபைக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையில், பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

அவள் தன் வேனுக்கு ஓடினாள்.

“என்ன இன்னும் எறங்காம உக்காந்திருக்கீங்க?”

“கூப்பிடலையே” என்றாள் சிஸ்ஸி. அட்டை விசிறியால் முகத்தில் வீசிக்கொண்டிருந்தாள்.

“இதோ நான்தான் கூப்பிடறேன். வாங்க.”

“நீ எதுக்குடி கூப்பிடறே? உன்னை எப்ப டீக்கன் ஆக்கினாங்க? கொம்பு ஊதட்டும். வர்றோம்.”

பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர், “இவ வேன் ஓட்டுனா போதாதுன்னு சபையையும் ஓட்டப் பாக்கறா” என்றார். வேனே குலுங்கிச் சிரித்தது.

மஹாலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டம் என்று சொன்னவள் அவள்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் கூட்டத்துக்கு உரியபடிதான் நடப்பார்கள். அழைப்பு வரும்வரை அவரவர் குடிலில் இருப்பதுதான் மரியாதை. குடில் இல்லாத இடத்தில் வண்டிதான் குடில். அழைக்காமல் உள்ளே நுழைவது, அடுத்தவர் வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பது மாதிரி. அவள் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வளர்ந்தாள். இருந்தும் அது அவள் புத்தியில் வரவில்லை.

வாட்லி மாமாவின் பிக்கப் கொஞ்சம் தள்ளி நின்றது. அவர் மஹாலாவின் அம்மாவுடைய கடைசித் தம்பி. எண்பது தாண்டியவர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார்.

“மாமா, நீங்க எறங்கி ஒரு சத்தம் குடுத்தா போதும். எல்லாரும் வந்துடுவாங்க.”

“கொம்பு எங்கம்மா இருக்கு?”

“உள்ள. பெட்டிக்குள்ள. பூட்டியிருக்கு.”

“பூட்டினது அவங்கதானே? தெறக்கட்டும்.”

“தெறக்க மாட்டாங்க மாமா. இன்னிக்கு ஹால் நெறைஞ்சாத்தான் பேச்சே. நீங்க வாயால கூப்பிடுங்க, ஒண்ணும் ஆகிடாது.”

வாட்லி மாமா மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். “ஜோசையா கூட்டம். ஜோசையா கொம்பு இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட கெடக்கு. அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் வாயால கத்துறதா? இந்த ஜனங்க எதுக்கு வந்திருக்குன்னு நெனைக்கற? அந்தப் பொண்ணு பேசறதைக் கேக்கவா? உங்கப்பன் ஊதினதுக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை யாரும் கேக்கல. இன்னிக்குக் கேக்கலாம்னு வந்திருக்கு. நீ போய் அவங்ககிட்ட சொல்லு. நாங்க இருக்கோம். அவசரம் இல்ல.”

அவசரம் இல்லை என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவரை ஒன்றும் சொல்ல முடியாது. சொல்வது சரி. சரியாக இருந்து என்ன செய்ய? அவள் செருப்பு சத்தமிட வெயிலில் திரும்ப ஓடினாள்.

உள்ளே டாக்டர் ப்ராடக் மேடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

“டாக்டர், கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் வெளியதான் இருக்காங்க.”

“வெளிய என்ன பண்றாங்க? கதவு தெறந்துதானே கெடக்கு?”

“கூப்பிடணும் டாக்டர்.”

“பத்திரிகையில போட்டோம். ரேடியோவுல சொன்னோம். இன்னும் எப்படிக் கூப்பிடறது?”

“அது தெரியப்படுத்தினது. கூப்பிடறது வேற. அந்தக் கொம்பை எடுத்து வாட்லி டீக்கன் கையில குடுத்தீங்கன்னா—”

“அதைத் தொடவே கூடாதும்மா. காஞ்சுபோன கொம்பு. கையில எடுத்தா வெடிச்சுடும். மணி ரெண்டாச்சு. அந்தப் பொண்ணு அவ்வளவு தூரத்துலேருந்து வந்து நிக்குது.” அவர் மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

பேசவந்த பெண்ணின் பெயர் மெரிடித். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் முகம் வாடியிருந்தது. ஆனாலும் பேச ஆரம்பித்தாள். மஹாலா முன்வாசல் கதவைத் தோளால் தாங்கியபடி நின்றாள். ஒரு காது உள்ளே, ஒரு கண் வெளியே. முதுகில் ஏசிக் குளிர், முகத்தில் வெயில்.

“ஆண்டவரே, என்னை ஏன் இந்தக் கதவு நடுவுல நிறுத்தி வெச்சிருக்கீர்?” என்று வாய்க்குள் கேட்டாள். பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.

மெரிடித் சொல்லிக்கொண்டே போனாள். செமினோல்களை எதிர்த்து நடந்த ஃப்ளோரிடாப் போரில் தாய் தகப்பனை இழந்த சிறுவன் ஜோசையா. ஜனங்களை அவர்கள் மண்ணிலிருந்து துரத்தி மேற்கே கொண்டுபோன கப்பலில் காய்ச்சல் வந்து, செத்துவிடுவான் என்று ஏதோ துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டவன். வடக்கே ஒரு அச்சுக்கூடக்காரர் வீட்டில் வளர்ந்து, வேதம் படித்து, மீசை முளைத்தபின் தன் ஜனங்களைத் தேடி இந்தப் பக்கம் வந்தபோது அவர்கள் மொழியில் பேச வார்த்தை ஒன்றும் இல்லாமல் நின்றான். பிள்ளைகள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களிடமே உட்கார்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டான். பிற்பாடு, இலையுதிர் காலம் முடிந்து குளிர் வந்ததும், வடக்கு நகரங்களில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணி, சபைக்குப் பலகையும் ஆணியும் சேர்த்தான். அங்கே உள்ளவர்கள் இறகு செருகிக்கொண்டு வரச்சொன்னார்கள். அவன் கோட்டு போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினான்.

“ஒரு தடவை ஒரு பெரிய மண்டபத்துல அவர் கொம்பை ஊதிக் காட்டினாராம்” என்றாள் மெரிடித். “எல்லாரும் கை தட்டியிருக்காங்க. அவர் அப்படியே உட்கார்ந்துட்டாராம். எழுந்து வருவாங்கன்னு நெனைச்சேன், கை தட்டினாங்கன்னு பின்னால யார்கிட்டயோ சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவர் வடக்கே கொம்பைக் கொண்டுபோகல.”

மஹாலாவுக்கு அது தெரியாது. சபையில் யாருக்கும் தெரியாது. கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. இதைக் கேட்க வேண்டியவர்கள் பத்தடி தூரத்தில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற தபால்காரர் தூங்குகிறார்.

பேச்சு முடிந்தது. ஹாலில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். டாக்டர் ப்ராடக் அவளிடம் வந்து, வருத்தமாகவே, “பாத்தீங்களா மிசஸ் லார்னி. நான் கமிட்டிக்கு என்னத்தைச் சொல்ல?” என்றார்.

மஹாலா தன் வாழ்நாளில் வெள்ளைக்கார ஆண் ஒருவரைத் தொட்டது, டாக்டரின் பல் பிடுங்கும் நாற்காலியில் தான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது கைப்பிடிக்குப் பதிலாக அவர் முழங்கையைப் பிடித்தது மட்டும்தான். இப்போது அதே முழங்கையைப் பிடித்தாள். ஜன்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் திரையை ஒதுக்கினாள்.

டாக்டர் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார்.

“இவ்வளவு பேரா? எப்ப வந்தாங்க இவங்க?”

“நீங்க மைக்கைத் தட்டறதுக்கு முன்னாடியே.”

“இவ்வளவு நேரமா உள்ள வராம—” அவருக்கும் இப்போது எரிச்சல் வந்துவிட்டது. “கதவு தெறந்திருக்குன்னு தெரியாதா?”

“தெரியும். கூப்பிடல.”

மெரிடித் பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, “பெட்டியைத் தெறந்துடலாமே டாக்டர். நான் மொதல்லேருந்து பேசறேன்” என்றாள்.

டாக்டர் முனகினார். கால்சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியோடு கோத்திருந்த சின்னச் சாவியை எடுத்தார். கண்ணாடிப் பெட்டி திறந்தபோது பழைய அலமாரி வாசனை வந்தது. அன்பளிப்பு என்று எழுதின அட்டை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மஹாலா போய்ச் சொன்னதும் வாட்லி மாமா உள்ளே வந்து முதலில் கை கழுவ இடம் கேட்டார். கழுவி, துடைத்து, கொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பூச்சி போகாமலிருக்க ஊதுகிற துளையை யாரோ வெள்ளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

“டாக்டரே, நீங்க அடைச்ச பல்லு மாதிரியே இருக்கு” என்றார். பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். டாக்டர் ப்ராடக் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

வாசல்படியில் நின்று மாமா ஜெபம் பண்ணினார். அவசரமில்லாத ஜெபம். பிறகு கொம்பை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மாமா உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். தாழ்வாக, கரகரப்பாக ஆரம்பித்து, பிறகு நிமிர்ந்து, மரத்தையும் கூரைகளையும் தாண்டிப் போயிற்று அந்தச் சத்தம். அவளுக்கு ஊதும்போது புடைக்கிற அப்பாவின் தொண்டை நரம்பு ஞாபகம் வந்தது.

ஒருவரும் இறங்கவில்லை.

“என்ன, இன்னும் வரலையே?” என்றார் டாக்டர்.

“நாலு தடவை ஊதணும். நடுவுல நேரம் குடுக்கணும்” என்றாள் மஹாலா.

“எவ்வளவு நேரம்?”

“மொகம் கழுவற நேரம். புள்ளைக்குச் செருப்பு மாட்டற நேரம். அப்புறம் ஊதுவாரு.”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். நாலாவது முறை ஒலித்து அடங்கினதும், வண்டிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஜனங்கள் இறங்கி, பேசாமல் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று நாற்காலிகளைத் தாங்களே இழுத்துத் திருப்பிப் போட்டார்கள். இடம் போதாமல் சுவர் ஓரம் நின்றார்கள். மெரிடித் முதலிலிருந்து பேசினாள். கை தட்டின கதைக்கு வந்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ ‘ம்ம்’ என்றார்கள். அவள் முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டை எடுத்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பாட்டு முடிந்து வரிசையாகக் கை குலுக்கி, சாப்பிட்டும் ஆயிற்று. டாக்டர் ப்ராடக்கின் முகம் மலர்ந்திருந்தது. “மிசஸ் லார்னி, நான் ஒத்துக்கறேன். இந்த மாதிரி ஒரு நாளை இந்த மியூசியம் பாத்ததே இல்ல. அதனாலதான் சொல்றேன், அது இங்கதான் இருக்கணும். இங்க இருந்ததாலதானே இத்தனை பேர் வந்தாங்க?”

மஹாலா கையிலிருந்த கரண்டியைப் பானைக்குள் போட்டாள். ஹால் நிறையவில்லை என்றால் தரமாட்டார்கள். நிறைந்தால் அதற்காகவே தரமாட்டார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

“டாக்டர், எங்கப்பா அதை அன்பளிப்பாக் குடுக்கல. திருப்பித் தர்றேன்னு சொன்னதாலதான் குடுத்தாரு. அதுக்கப்புறம் கடைசி வரிசையிலயே உக்காந்து செத்தாரு. நாளைக்கு நாலாம் ஞாயிறு. அது எங்ககூட வரட்டும்.”

“அது கமிட்டி முடிவு பண்ணணும். நான் ஒருத்தன் என்ன—” டாக்டர் பேச்சை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். கிண்ணங்கள் கழுவி அடுக்கியாகிவிட்டது. மூடும் நேரம் ஆகிவிட்டது. ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. எல்லாரும் மறுபடி போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன் யாரும் போகல?” என்று மஹாலாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கொம்பு மொதல்ல வெளிய போகணும். அப்புறம்தான் ஜனம் போகும்.”

வாட்லி மாமா ஆண்கள் பக்கத்து முன் நாற்காலியில், கொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். அவசரமே இல்லை. பின்னால் சிஸ்ஸி சொன்னது ஹால் முழுவதும் கேட்டது: “எனக்கு வீட்ல வேலை ஒண்ணும் இல்ல. இங்க ஏசி நல்லாருக்கு.”

யாரோ அடுத்த பாட்டை எடுத்தார்கள். அது நீளமான பாட்டு. அதற்கடுத்ததும் நீளம்.

மூன்றாவது பாட்டின் நடுவில் டாக்டர் ப்ராடக் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். “சரி, சரி. நாளைக்கு மட்டும். திங்கக்கெழமை காலைல அது இங்க திரும்பி வந்திருக்கணும். உங்க பொறுப்பு மிசஸ் லார்னி. வாக்குக் குடுங்க.”

“திங்கக்கெழமை காலைல கொண்டுவந்துடறேன்” என்றாள் மஹாலா. அவள் வாக்கு அப்பாவின் வாக்கு மாதிரி. கொடுத்தால் கொடுத்ததுதான்.

மறுநாள் அவள் குடிலில் பன்றிக்கொழுப்பு வறுத்துக்கொண்டிருந்தபோது கொம்புச் சத்தம் வந்தது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அன்றைக்கு அவள் தலை குனியவில்லை. சிஸ்ஸி பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நாலாவது சத்தம் அடங்கும்வரை குனிந்து அரிந்துகொண்டே இருந்தாள். பிறகு, “உங்க வீட்டு அன்பளிப்பு நல்லாத்தான் சத்தம் போடுது” என்று சொல்லிவிட்டு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள்.

ஆனால் மஹாலாவுக்கு மனசு ஒட்டவில்லை. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபடி அந்தப் பெட்டி, அந்த அட்டை. அப்பாவைப் போலவே தானும் கையால் தூக்கிக் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு ஆராதனை முழுக்கக் குடைந்தது.

திங்கட்கிழமை காலை, வேன் வேலைக்கு வேறொருத்தியை ஏற்பாடு செய்துவிட்டு, கொம்பைத் துணியில் சுற்றி, தன் காரில் பக்கத்துச் சீட்டில் வைத்து பெல்ட்டையும் மாட்டி டவுனுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு பலகை: திங்கட்கிழமை விடுமுறை.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டாள். ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்றாள் அவர் மனைவி. மஹாலா காரில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு, கோபத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள். இத்தனை அலைந்து வாக்கைக் காப்பாற்றக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று வழியெல்லாம் புலம்பினாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரே கூப்பிட்டார். “கொம்பு எங்கே?”

“திங்கக்கெழமை கொண்டுவந்தேன் டாக்டர். பூட்டியிருந்துச்சு.”

“ஐயோ, ஆமா. சரி, இன்னிக்குக் கொண்டுவாங்க.”

“இன்னிக்கு வேன் ஓட்டணும். இந்த வாரம் பூரா ஓட்டணும். ஒருத்தி ஒரு நாள்தான் மாத்தி வருவா. அடுத்த திங்கக்கெழமை கொண்டுவரேன்.”

“திங்கக்கெழமை லீவும்மா. உங்களுக்கு லீவு சனிக்கிழமைதானே, அன்னிக்கு வாங்களேன்.”

“நீங்கதானே திங்கக்கெழமைன்னு சொன்னீங்க? நான் ஜனங்க முன்னால வாக்குக் குடுத்திருக்கேன்.”

கமிட்டி கூடும்போது பேசுகிறேன் என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார். கமிட்டி இலையுதிர் காலத்தில்தான் கூடுமாம். கூடினால் என்ன சொல்வார்களோ, அவளுக்குத் தெரியாது.

சபையில் சிலர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மஹாலா சிரிக்கவில்லை. அவள் விளையாடவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் வேறொருத்தியைக் கெஞ்சி வேனை ஒப்படைத்துவிட்டு, பெட்ரோலை எரித்துக்கொண்டு டவுனுக்குப் போகிறாள். பெக்கான் மர நிழலில் காரை நிறுத்துகிறாள். கொம்புக்குப் போட்ட பெல்ட்டைக் கழற்றி மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒருவரும் வந்து கூப்பிடுவதில்லை. ஒரு பாட்டை முழுசாக முணுமுணுத்து முடித்தபிறகு வண்டியைத் திருப்புகிறாள்.